நூற்றுக்கு 97 சரி. நம் லயம் எந்தக் கணக்கில்?



2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். பாடம் இனிமேல் கைப்பேசியில் என்றார்கள். தானா ராத்தா பக்கத்துத் தேயிலை மலையில் அப்போது நான் கண்ட காட்சி இன்னும் கண்ணை விட்டு அகலவில்லை. ஒரே லயத்துப் பிள்ளைகள் நான்கு பேர், சட்டைமேல் சட்டை போட்டுக்கொண்டு, மேட்டுக் கோயில் படியில் குந்தியிருந்தார்கள். அங்கேதான் லைன் பிடிக்கும். நான்கு பேருக்கும் ஒரே கைப்பேசி. தூறல் விழுந்தால் அன்றைக்குப் பாடம் முடிந்தது.

அந்த ஆண்டு ஆகஸ்டு மாதத்தில்தான் அன்றைய பிரதமர் முஹிடின் யாசின் 'ஜெண்டேலா' என்னும் திட்டத்தை அறிவித்தார். நாட்டு மக்கள் எல்லாருக்கும் நல்ல இணைய வசதி என்பதே அதன் வாக்குறுதி. அதற்குப் பின் பிரதமர்கள் மாறினார்கள், அமைச்சர்கள் மாறினார்கள், திட்டம் மட்டும் தொடர்ந்தது. முதல் கட்டம் 2022இல் முடிந்தது. இரண்டாம் கட்டத்துக்கு வைத்த கெடு 2025. ஆகவே கணக்குக் கேட்கும் காலம் இது. கணக்கை நியாயமாகவே கேட்போம்.

முதலில் நடந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். மக்கள் வாழும் பகுதிகளில் 91.8 விழுக்காடாக இருந்த 4ஜி சேவையை 96.9 விழுக்காடாக உயர்த்துவோம் என்றார்கள். 2022 முடிவில் உயர்த்திக் காட்டினார்கள். 75 லட்சம் கட்டடங்களுக்குக் கண்ணாடி இழைக் கம்பி என்றார்கள். 77 லட்சத்தையும் தாண்டியது. கைப்பேசி இணையத்தின் சராசரி வேகம் 35 எம்பிபிஎஸ் என்றார்கள். 116 என்று அறிக்கை வந்தது. 5ஜி சேவையும் 2023 முடிவில் மக்கள் வாழும் பகுதிகளில் 80 விழுக்காட்டைத் தொட்டது. இதெல்லாம் பொய் என்று சொல்ல நான் வரவில்லை. செய்ததைச் செய்தார்கள் என்று சொல்பவனுக்குத்தான் செய்யாததைக் கேட்கவும் வாய் உண்டு.

ஆனால் தோழர்களே, கணக்கைப் படிக்கத் தெரிய வேண்டும். தொண்ணூற்றேழு என்றால் மிச்சம் மூன்று. அந்த மூன்றில் இருப்பது யார்? கோலாலம்பூர்க்காரனா? ஈப்போக்காரனா? சாலை முடிகிற இடத்தில் இருப்பவர்கள்தான். தோட்டத்து லயங்களும் ஓராங் அஸ்லி கம்பங்களும் இந்த மலையில் அப்படிப்பட்ட இடங்களில்தான் இருக்கின்றன.

சராசரி என்ற சொல்லும் அப்படித்தான். துரை சம்பளத்தையும் என் சம்பளத்தையும் கூட்டி இரண்டாக வகுத்தால் நானும் பணக்காரன்தான்! ஆனால் கடைக்காரர் என் கடன் புத்தகத்தை மூடுவாரா? 77 லட்சம் கட்டடம் என்பதும் கம்பி அந்தக் கட்டடம்வரை எட்டியது என்ற கணக்கே தவிர, அத்தனை வீட்டுக்குள்ளும் இணையம் வந்துவிட்டது என்ற கணக்கு அல்ல.

நம் மலைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. கோபுரத்தின் அலை குன்றைச் சுற்றி வளைந்து வராது. டவுனில் கோபுரம் நின்றாலும் பள்ளத்தில் உள்ள லயம் நிழலில்தான் கிடக்கும். தோட்டத்துக்குள் கோபுரம் நட வேண்டுமென்றால் அது கம்பெனி நிலம், அனுமதி வேண்டும். அரசாங்கத்தைக் கேட்டால் தனியார் நிலம் என்பார்கள். நிர்வாகத்தைக் கேட்டால் அது அரசாங்க வேலை என்பார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் நம் பிள்ளை கோயில் படியில்.

பெரிய திட்டம் அறிவித்தாலே காரியம் ஆகிவிடாது என்பதற்கு நம் நாட்டிலேயே பாடம் இருக்கிறது. 2011இல் '1பெஸ்தாரிநெட்' என்ற திட்டத்தில் சுமார் 10,000 பள்ளிகளுக்கு இணையம் தருவதாகச் சொன்னார்கள். மதிப்பு 400 கோடி வெள்ளிக்கு மேல். 2013ஆம் ஆண்டு தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை என்ன சொன்னது? அதற்காக அமைத்த கற்றல் தளத்தைப் பயன்படுத்தியவர்கள் மிகக் குறைவு. நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. 2019இல் அந்தத் திட்டம் முடிவுக்கு வந்தது. போட்ட பணத்தை எண்ணினார்களே தவிர, பிள்ளை படித்ததா என்று முதலிலேயே எண்ணவில்லை.

"இணையம் என்ன சோறா போடும்?" என்று சிலர் கேட்கிறார்கள். சோற்றோடு சேர்ந்ததுதான் ஐயா! உதவித் தொகை மனு இணையத்தில். பிள்ளைக்கு மேற்படிப்பு விண்ணப்பம் இணையத்தில். ஊழியர் சேமநிதியை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தில் பிடித்த பணம் நம் கணக்கில் மாதா மாதம் ஏறியதா என்று கைப்பேசியிலேயே பார்க்கலாம். லைன் இல்லாதவன் தாப்பாவுக்கோ ஈப்போவுக்கோ பஸ் ஏற வேண்டும், இல்லாவிட்டால் பார்க்காமலே விட வேண்டும். பார்க்காமல் விட்ட கணக்கில் எத்தனை தவறு நடந்தாலும் யாருக்குத் தெரியும்? மாதம் முப்பது நாற்பது வெள்ளி நாமும்தான் போடுகிறோம். பட்டணத்தானும் அதே காசுதான் கொடுக்கிறான். காசு ஒரே காசு, சரக்கு மட்டும் நமக்குப் பாதி. பக்கத்து அறை வங்காளதேசத் தோழனும் ஊரில் உள்ள தாயோடு பேச அதே மேட்டுக்குத்தான் ஏறுகிறான்.

நான் தோட்டப் பள்ளியில் படித்த காலத்தில் இரவு பத்து மணிக்கு இஞ்சினை நிறுத்திவிடுவார்கள், லயம் இருண்டுவிடும். மண்ணெண்ணெய் விளக்கில்தான் வீட்டுப்பாடம். பிறகு கரண்டும் குழாய்த் தண்ணீரும் எப்படி வந்தன? அமைச்சர் மேடையில் பேசியதால் மட்டும் வரவில்லை. தொழிலாளர் கேட்டார்கள், சங்கம் கேட்டது, சட்டமும் வந்தது. தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரத்துக்கு 1966இல் ஒரு சட்டம், பிறகு 1990இல் 446ஆவது சட்டம். தண்ணீரும் மின்சாரமும் தருவது முதலாளியின் கடமை என்று எழுதி வைத்தது அதுதான். யார் தர வேண்டும் என்று பேர் போட்டு எழுதிய பிறகுதான் வாக்குறுதி வீட்டுக்குள் வந்தது.

ஜெண்டேலாவில் குறைவது அந்தப் பேர்தான். ஆகையால் நம் கோரிக்கை மூன்று.

முதலாவது, குடியிருப்புச் சட்டத்தில் தண்ணீர், மின்சாரத்தோடு இணையத்தையும் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, கோபுரத்துக்கும் கம்பிக்கும் இடம் விடுவதற்குத் தோட்ட நிர்வாகங்களுக்கு அரசாங்கம் தவணை வைக்க வேண்டும். செலவுக்கு வழி இல்லை என்று சொல்ல முடியாது. தொலைத்தொடர்புக் கம்பெனிகள் வருமானத்தில் ஒரு பங்கைக் கட்டும் பொதுச் சேவை நிதி, வசதி எட்டாத இடங்களுக்காகவே இருக்கிறது.

மூன்றாவது, மாநிலக் கணக்கும் மாவட்டக் கணக்கும் போதாது. எந்தத் தோட்டம், எந்த லயம் என்று பேர் பேராகக் கணக்கை வெளியிட வேண்டும்.

நாமும் சும்மா இருக்கக் கூடாது. ஒவ்வொரு லயத்திலும் படித்த பிள்ளை ஒன்றிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். எந்த வீட்டில் லைன் பிடிக்கிறது, எந்த வீட்டில் பிடிக்கவில்லை, எந்த நேரத்தில் அறுந்து போகிறது என்று ஒரு மாதம் எழுதட்டும். அதைச் சங்கக் கிளையில் கொண்டுவந்து கொடுங்கள். தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்கும், தானா ராத்தா சட்டமன்ற உறுப்பினருக்கும், தோட்ட ஆபீசுக்கும் ஒரே நாளில் அனுப்புவோம். வாய்ப் பேச்சை மறுக்கலாம். தேதி போட்ட நோட்டை மறுப்பது கஷ்டம்.

போன வாரம் ஓய்வு பெற்ற அக்கா ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஏன் தம்பி, கரண்டு வந்த மாதிரி இதுவும் ஒரு நாள் வந்துருமா?"

"வரும் அக்கா, கேட்டால் வரும்" என்றேன்.

"அப்போ கேளுங்களேன். என் பேத்தி பெரியவளாகிறதுக்குள்ளே வரட்டும்" என்றார்.

அரசாங்கத்தின் சாதனையை அளக்க அந்த அக்காவின் வீட்டு வாசலைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. கடைசி லயத்துக் கடைசி வீட்டில், மழை நாளில், ஒரு பிள்ளை வீட்டுக்குள் உட்கார்ந்து பாடம் படித்தால் வாக்குறுதி நிறைவேறியது என்று நாமே கைதட்டுவோம். அதுவரை கேட்டுக்கொண்டே இருப்போம்.