யார் யாரை 'வா' என்பது?

போன தவணை நாங்கள் ஐந்து பேர் ஆங்கில டீச்சரின் வீட்டுக்குப் போயிருந்தோம். கதிரை நுனியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்து, "டோன்ட் ஸ்டேன்ட் ஒன் செரமனி" என்றார். உட்கார்ந்திருப்பவர்களிடம் 'நிற்காதீர்கள்' என்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. உபசாரம் பாராமல் இயல்பாக இருங்கள் என்பதுதான் அதன் பொருளாம்.

1599 அளவில் மேடையேறிய ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்திலேயே இந்தத் தொடர் வருகிறது. சீசரின் மனைவி கல்பூர்னியா சொல்கிறாள். ஆனால் அவள் உபசாரத்தைப் பற்றிப் பேசவில்லை. சகுனங்களைத் தான் பெரிதாக எடுத்ததில்லை, இப்போதோ பயமாக இருக்கிறது என்கிறாள். அங்கே 'செரமனி' என்றால் சகுனம். 

ஆங்கிலத்தில் இன்று எல்லோருக்கும் ஒரே 'யூ'. ஷேக்ஸ்பியர் காலத்தில் 'தௌ' என்ற ஒருமையும் புழக்கத்தில் இருந்தது. அது போய்விட்டதால், இயல்பாக இருங்கள் என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. நமக்கு அந்தச் சிரமமில்லை. சொல்லின் வாலில் 'ங்க' இருக்கிறதா இல்லையா என்பதிலேயே எல்லாம் தெரிந்துவிடும்.

'நீ' என்பது தாழ்வான சொல் என்று நான் சொல்ல வரவில்லை. இறைவனிடமே 'நீ' என்றுதான் துஆக் கேட்கிறோம். கல்யாண வீட்டில் ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும்போது யார் பெரியவர், யார் சிறியவர்? அங்கே உபசாரம் இல்லாதது எல்லோருக்கும் பொது. என் கவலை, ஒருபக்கம் மட்டும் உபசாரம் விட்டுப்போவதைப் பற்றியது.

எங்கள் மலையகத்தில் அதற்கு ஒரு புத்தகமே உண்டு. 19ஆம் நூற்றாண்டில், தோட்டத்துக்கு வந்த வெள்ளைக்காரச் சின்னத்துரைமார் தமிழ் பழகுவதற்காகப் பெர்குசன் என்பவர் கொழும்பில் ஒரு கையடக்க வழிகாட்டி வெளியிட்டார். அதன் பெயர் 'இங்கே வா'. 'இங்கே வாருங்கள்' அல்ல. துரை இளவட்டமாக இருக்கலாம், கூப்பிடப்படுபவர் பேரன் பேத்தி கண்டவராக இருக்கலாம். அவர் பதிலுக்கு 'நீ வா' என்று சொல்லியிருக்க முடியுமா?

துரைமார் போய்விட்டார்கள். சரி, அந்த 'வா' எங்கே போனது?

மஸ்கெலியாவில் வாப்பாவுக்குப் பலசரக்குக் கடை. லீவுக்குப் போனால் நானும் கல்லாவில் உட்காருவேன். கொழுந்து பறித்தே முதுகு வளைந்த ஒரு பாட்டி சாமான் வாங்க வருவார். "பாப்பா, கால் கிலோ பருப்பு குடுங்க" என்பார். நானோ, "வேற என்ன வேணும், சொல்லு" என்பேன். எத்தனையோ வருடங்களாக இப்படித்தான். என் உம்மும்மாவிடம் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. 'அது பழக்கம், பாசத்தில் சொல்வது' என்று வீட்டில் சொல்கிறார்கள். பாசம் என்றால் அந்தப் பாட்டியும் எங்கள் வாப்பாவை 'வா' என்றல்லவா கூப்பிட வேண்டும்? அவர் 'முதலாளி, வாங்க' என்கிறார்.

பெற்றோர் வாசிக்கும் சஞ்சிகை இது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். கடையில் நிற்கும் தம்பிமாருக்கும், வீட்டில் எங்களுக்கும் இதைப் பெரியவர்கள்தான் பழக்கிவிட்டார்கள்.

இந்த லீவில், "வாங்க பாட்டி, என்ன வேணும்?" என்று கேட்டேன். அவர் சட்டென்று திரும்பி, பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தார்.