முதல்ல டேபிளை அளங்க, மானிட்டர் அப்புறம் பேசலாம்

இன்டர்ன்ஷிப் ஸ்டைபண்ட் கைக்கு வர ஆரம்பிச்சதும் ஹாஸ்டல்ல ஒரு காய்ச்சல் பரவும். மெஸ் க்யூவுல, லேப்ல, வைவாவுக்கு வெளிய காத்திருக்கும்போது, எங்க பாத்தாலும் ஒரே பேச்சு: "மச்சி, மானிட்டர் எடுக்கப் போறேன். 32 இன்ச், 165 ஹெர்ட்ஸ், கர்வ்டு." விலையைக் கேட்டா பல மாச மெஸ் பில் அதுக்குள்ள அடங்கும். சிலருக்கு அது சொந்த ஸ்டைபண்ட் காசு. பலருக்கு, "ப்ராஜெக்ட்டுக்கு வேணும்ப்பா"ன்னு வீட்டுல வாங்குனது.

அதனாலதான் இந்தக் கட்டுரை. வாங்காதீங்கன்னு சொல்ல வரல. ராத்திரி 11 மணிக்கு மேல வாலரண்ட் திறக்காம தூக்கம் வராத கூட்டத்துல நானும் ஒருத்தன்தான். ஆனா பெருசாவும் இருக்கணும், வேகமாவும் இருக்கணும், சீப்பாவும் இருக்கணும்னு மூணையும் கேட்டா, கம்பெனிக்காரன் நாலாவதா ஒண்ணுல கை வெச்சிடுவான். பெரும்பாலும் அது ரெசல்யூஷன். என் கருத்தை இப்பவே சொல்லிடறேன்: ஹாஸ்டல் டேபிள்ல உக்காந்து ஆடுற நமக்கு 27 இன்ச்தான் எல்லை. அதுவும் 1440பி. அதுக்கு மேல போறது பெரும்பாலும் ரூம்மேட்டுக்குக் காட்டத்தான்.

ஏன்னு கணக்குல பாப்போம், இன்ஜினியரிங் படிக்கிறோமே. 1920-ஐயும் 1080-ஐயும் ஸ்கொயர் பண்ணி, கூட்டி, ரூட் எடுத்தா மூலைக்கு மூலை சுமார் 2203 பிக்சல். அதை 32-ஆல வகுத்தா ஒரு இன்ச்சுக்கு 69 பிக்சல்தான். 27 இன்ச்ல இதே 1080பி 82 வரும், 24 இன்ச்ல 92. இப்ப நீங்க பாத்துட்டு இருக்கிற 15.6 இன்ச் லேப்டாப்ல இதே 1080பி ஒரு இன்ச்சுக்கு 141. அப்போ 32 இன்ச் 1080பி வாங்குறவர் காசு கொடுத்து தன் லேப்டாப்ல இருக்கிற தெளிவுல பாதியை வாங்கிட்டு வர்றார். தூரத்துல நிக்கிற எதிரியோட தலை நாலஞ்சு பிக்சல் கட்டமா தெரியும்போதுதான் இது உறைக்கும். கோட் எழுதும்போது இன்னும் மோசம், செமிகோலன் எது, கோலன் எதுன்னு கண்ணைச் சுருக்கிப் பாக்கணும்.

1440பி ஆனா கதை மாறுது. 27 இன்ச்ல 109. 32 இன்ச்ல 92, அதாவது நம்ம பழைய 24 இன்ச் 1080பி-யோட அதே அடர்த்தி. இதனால 32 இன்ச் 1440பி மோசம்னு சொல்ல மாட்டேன். ரேசிங் கேம், கதை உள்ள பெரிய கேம், வீக்எண்ட்ல நாலு பேர் கட்டில்ல உக்காந்து படம் பாக்கறதுன்னா அது நல்லாவே இருக்கும். என் சண்டை டேபிளோட.

ஒரு இன்ச் டேப் எடுத்து உங்க ஹாஸ்டல் டேபிளோட ஆழத்தை அளந்து பாருங்க. ரெண்டு அடி இருந்தாலே அதிர்ஷ்டம். அதுல மானிட்டர் ஸ்டாண்ட் பின்னாடி ஒரு பங்கை எடுத்துக்கும். முன்னாடி கீபோர்டு. மிச்சம் கண்ணுக்கும் ஸ்க்ரீனுக்கும் நடுவுல 50, 55 சென்டிமீட்டர். 32 இன்ச் மானிட்டரோட அகலம் சுமார் 71 சென்டிமீட்டர். 55 சென்டிமீட்டர் தள்ளி உக்காந்தா அது உங்க பார்வையில கிட்டத்தட்ட 66 டிகிரியை அடைச்சுக்கும். 24 இன்ச் 52 டிகிரிதான். வாலரண்ட்ல மேப் இடது மேல் மூலையில, புல்லட் எண்ணிக்கை கீழ. நடுவுல க்ராஸ்ஹேர் மேல கண்ணை வெச்சுக்கிட்டே ஓரக்கண்ணால மேப் பாக்கறதுதான் பழக்கம். 66 டிகிரியில ஓரக்கண் பத்தாது, கழுத்தைத் திருப்பணும். டோர்னமென்ட் மேடையில ப்ரோ பிளேயர்ஸ் முன்னாடி 24, 25 இன்ச் மானிட்டர் இருக்கறதைப் பாத்திருப்பீங்க. அவங்ககிட்ட பெருசு வாங்க காசு இல்லாம இல்ல.

"மானிட்டர் ஆர்ம் போட்டு பின்னாடி தள்ளிக்கலாமே?" தள்ளலாம். சுவர் வரைக்கும்தான். அந்த ஆர்மை க்ளாம்ப் பண்ற அளவுக்கு ஹாஸ்டல் டேபிள் பலகை தாங்குமான்னும் ஒரு தடவை தட்டிப் பாத்துக்கோங்க.

அடுத்து ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸ்ல ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிசெகண்ட் திரையில நிக்கும். 144-ல 6.9. அதாவது ஒரே தாவுல கிட்டத்தட்ட 10 மில்லிசெகண்ட் மிச்சம். இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியும், டெஸ்க்டாப்ல மவுஸை நகத்துனாலே தெரியும். 144-ல இருந்து 240-க்கு போனா 4.2, மிச்சமாகறது 2.8 மில்லிசெகண்ட்தான். 240-ல இருந்து 360-க்கு இன்னும் ஒரு 1.4. காசு ஏறிக்கிட்டே போகுது, கிடைக்கிறது பாதி பாதியா குறையுது. மங்கலும் அப்படித்தான்: செகண்டுக்கு 960 பிக்சல் வேகத்துல ஒரு பொருள் ஓடுச்சுன்னா, 60 ஹெர்ட்ஸ்ல அதைக் கண்ணால துரத்தும்போது 16 பிக்சல் அளவுக்கு இழுவை தெரியும், 120-ல 8, 240-ல 4. முதல் 8-ஐக் குறைக்க காசு கொடுக்கறது நியாயம். அடுத்த 4-க்கு எவ்வளவு கொடுக்கறதுங்கறது உங்க பர்ஸ். என்னைக் கேட்டா 144-ல இருந்து 180-க்குள்ள எது கிடைச்சாலும் நிறுத்திக்கலாம்.

இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும். 240 ஹெர்ட்ஸ்ல அந்த 2.8 மில்லிசெகண்டை மிச்சம் பிடிக்கிற அதே ஆளு, ஹாஸ்டல் வைஃபைல ஆடுவான். ராத்திரி பத்து மணிக்கு ஒரு ஃப்ளோரே ரீல்ஸ் பாக்கும்போது பிங் 40-ல இருந்து 130-க்கு குதிச்சு திரும்பி வரும். ரூம்ல லான் பாயிண்ட் இருந்தா முதல்ல சில நூறு ரூபாய்க்கு ஒரு நல்ல கேபிள் வாங்குங்க. மானிட்டரால கிடைக்காத ராங்க் அதுல கிடைக்க வாய்ப்பு அதிகம்.

சரி, ஸ்க்ரீன் 165 ஃப்ரேம் காட்டும். அவ்வளவு ஃப்ரேமை யாரு வரையறது? நம்மல்ல பல பேர் கையில இருக்கறது 3050 இல்ல 4050 போட்ட லேப்டாப். 1080பி-யில சுமார் 20.7 லட்சம் பிக்சல், 1440பி-யில 36.9 லட்சம். கார்டுக்கு வேலை 1.8 மடங்கு. வாலரண்ட், சிஎஸ் மாதிரி லேசான கேம்னா சமாளிச்சிடும். சைபர்பங்க் 2077-ஐ 3050 லேப்டாப்ல 1440பி-யில ஓட்டி 165 எதிர்பாக்கறது டவுன் பஸ்ல ஏறி ஏரோப்ளேன் வேகம் கேக்கற மாதிரி. டிஎல்எஸ்எஸ் மாதிரி அப்ஸ்கேலிங் கொஞ்சம் கைகொடுக்கும். ஃப்ரேம் ஏறி இறங்கும்போது திரை கிழிஞ்ச மாதிரி தெரியாம இருக்க அடாப்டிவ் சிங்க் வேணும். அது ஃப்ரீசிங்க்னு போட்ட மானிட்டரா இருந்தாலும் பரவால்ல, 2019 ஜனவரியில இருந்து என்விடியா கார்டும் அதோட வேலை செய்யுது. ஜிசிங்க்னு தனியா காசு கொடுக்க வேண்டியதில்ல.

லேப்டாப்காரங்க இன்னொரு இடத்துல மாட்டிக்குவாங்க, போர்ட்டுல. உங்க மாடலோட ஸ்பெக் ஷீட்டை இப்பவே திறந்து எச்டிஎம்ஐ வெர்ஷனைப் பாருங்க. 1.4-ன்னு இருந்தா 1080பி-க்கு 120 ஹெர்ட்ஸ், 1440பி-க்கு 75 பக்கத்துலயே நின்னுடும். நீங்க 180 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி வெச்சாலும் அந்த ஓட்டை வழியா அவ்வளவுதான் போகும். 2.0 இருந்தா 1440பி-யில 144 வரும். டிஸ்ப்ளேபோர்ட் 1.4 இருந்தா கவலையே இல்ல, சில லேப்டாப்ல அது டைப்-சி போர்ட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கும். எச்டிஎம்ஐ 2.1-ன்னு எழுதியிருக்கறதை மட்டும் வெச்சு 48 ஜிகாபிட் முழுசா கிடைக்கும்னு நம்பிடாதீங்க, 2.0 அளவு வேகம் உள்ளதுக்கும் அந்தப் பேரைப் போட விதி இடம் கொடுக்குது. எந்த ரெசல்யூஷன்ல எத்தனை ஹெர்ட்ஸ்னு தெளிவா எழுதியிருக்கான்னு பாருங்க.

பேனல் பத்தி பக்கம் பக்கமா எழுதலாம், நான் சுருக்கமா முடிச்சிடறேன். குறைஞ்ச விலையில பெரிய கர்வ்டு மானிட்டர் தெரிஞ்சா அது பெரும்பாலும் விஏ பேனல். கான்ட்ராஸ்ட் 3000-க்கு 1 பக்கத்துல இருக்கும், கருப்பு நல்ல கருப்பா இருக்கும். ஆனா மலிவான விஏ-ல இருட்டு சீன்ல ஏதாவது நகர்ந்தா பின்னாடியே மை இழுத்த மாதிரி ஒரு கறை வரும். ஐபிஎஸ்-ல கருப்பு கொஞ்சம் சாம்பலா இருக்கும், வேகம் ஒரே சீரா இருக்கும். ரூம்மேட் லைட்டை அணைக்க விடமாட்டான்னா கருப்பு எவ்வளவு ஆழமா இருந்து என்ன பிரயோஜனம்? ஐபிஎஸ் எடுங்க. ஓலெட் அழகுதான். பகல்ல எட்டு மணிநேரம் டாஸ்க்பாரும் கோட் எடிட்டரும் அசையாம நிக்கிற நம்ம வாழ்க்கைக்கு, விலையும் பர்ன்-இன் பயமும் சேந்து இப்போதைக்கு ஒத்துவராது.

பெட்டி மேல ஒட்டியிருக்கற "1 மில்லிசெகண்ட்"டை பாத்து மயங்காதீங்க. பல மாடல்ல அது எம்பிஆர்டி கணக்கு, பேக்லைட்டை விட்டு விட்டு எரிய வெச்சு எடுத்த நம்பர். அந்த மோடைப் போட்டா வெளிச்சம் குறையும், பல மானிட்டர்ல அடாப்டிவ் சிங்க்கும் அணைஞ்சிடும். எச்டிஆர் 400-ம் அப்படித்தான். அந்தச் சான்றிதழுக்கு லோக்கல் டிம்மிங் கட்டாயம் இல்ல. அந்த ஸ்டிக்கருக்காக ஒரு ரூபா கூட அதிகம் கொடுக்காதீங்க.

சென்னையில இருக்கறவங்க வாங்கறதுக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் போயிட்டு வாங்க. வாங்கணும்னு இல்ல, கண்ணால பாத்துட்டு வரத்தான். கடையில எப்பவும் பளபளன்னு பூ, கிளி, கடல்னு ஒரு டெமோ ஓடும். அதுல எல்லா மானிட்டரும் நல்லாத்தான் தெரியும். உங்க பென்டிரைவ்ல ஒரு இருட்டான கேம் காட்சியும், ஒரு பக்கம் கோடும் வெச்சு எடுத்துட்டுப் போங்க. "அண்ணா, இதைக் கொஞ்சம் போட்டுக் காட்டறீங்களா"ன்னு கேட்டா யாரும் கோச்சுக்க மாட்டாங்க. முகம் சுளிச்சா அடுத்த கடை இருக்கு. போன வருஷம் ஒரு கடையில "எல்லாம் ஒரே பேனல்தான் தம்பி, பெருசா எடுத்துக்கோ"ன்னு சொன்னாங்க. மாடல் நம்பரைக் கேட்டதும் பேச்சு குறைஞ்சிடுச்சு. அந்த நம்பர்தான் முக்கியம், பேரு இல்ல. ஒரே சீரிஸ்ல ஒரு எழுத்து மாறினா பேனலே மாறியிருக்கும்.

சீனியர்கள் இன்னமும் "32-க்கு மேல போனா ஜிஎஸ்டி 28"ன்னு சொல்லுவாங்க. 2025 செப்டம்பர் 22-ல இருந்து அதுவும் 18 சதவீதம்தான். 34 இன்ச் அல்ட்ராவைடு மேல கண்ணு இருக்கறவங்களுக்கு இது நல்ல செய்தி. அகலம் 80 சென்டிமீட்டர், உங்க டேபிளோட அகலத்தையும் அளந்துட்டீங்கதானே?

வீட்டுல என்ன சொல்லிக் காசு வாங்கறதுங்கறதுல நான் தலையிடல. ஆனா ப்ராஜெக்ட்டுக்குன்னு சொல்லி வாங்கறவங்களுக்கு 27 இன்ச் 1440பி இன்னொரு உபகாரமும் பண்ணும். இடது பக்கம் டேட்டாஷீட், வலது பக்கம் கோட்னு ரெண்டையும் படிக்கிற அளவுல திறந்து வெக்கலாம். சொன்ன பொய் பாதி உண்மையாயிடும்.

பெட்டி வந்ததும் பிரிக்கறதை முழுசா வீடியோ எடுங்க. முழு கருப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம்னு ஒவ்வொரு நிறமா போட்டு டெட் பிக்சல் தேடுங்க. ஒண்ணு ரெண்டுக்கெல்லாம் பல கம்பெனி வாரண்டியில மாத்தித் தராது, அதனால ரிட்டர்ன் நாள் முடியறதுக்குள்ள பாத்துடணும். அப்புறம் விண்டோஸ்ல டிஸ்ப்ளே செட்டிங்ஸ், அதுக்குள்ள அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் ரெஃப்ரெஷ் ரேட்டை நீங்களே மாத்துங்க. பல தடவை அது 60-லயே நிக்கும். எங்க ப்ளாக்ல ஒருத்தர் நாலு மாசமா 165 ஹெர்ட்ஸ் மானிட்டரை 60-ல ஓட்டிட்டு, "என்ன ஸ்மூத்துடா"ன்னு சொல்லிட்டு இருந்தார். பேர் வேண்டாம், அவரும் இந்த இதழைப் படிப்பார்.

பெட்டியையும் தெர்மாகோலையும் தூக்கிப் போட்டுடாதீங்க, கட்டிலுக்கு அடியில தள்ளி வைங்க. மே மாசம் ரூம் காலி பண்ணும்போது, அது இல்லாம மானிட்டரை பெட்ஷீட்ல சுத்தி மடியில வெச்சுக்கிட்டு திருநெல்வேலி வரைக்கும் பஸ்ல உக்காந்து போகணும்.