சுவரில் இழைத்த கோடுகள்

சென்ற பருவத்தில் இளங்கலை வகுப்பொன்றில் ஒரு விளம்பரத்தைக் காட்டினேன். இரண்டு பள்ளிகளின் தேர்ச்சி விழுக்காட்டைக் காட்டும் இரு பட்டைகள். ஒன்றைவிட மற்றொன்று இருமடங்கு உயரம். "இரண்டாவது பள்ளி இரண்டு மடங்கு நல்ல பள்ளி ஐயா" என்றாள் கல்வராயன் மலையிலிருந்து வந்து படிக்கும் மாணவி. எண்களைப் படிக்கச் சொன்னேன்: 92, 96. பட்டைகள் சுழியத்திலிருந்து அன்றி 88-இலிருந்து தொடங்கியிருந்தன. வகுப்பில் ஒருவரும் அடிக்கோட்டைப் பார்க்கவில்லை.

கணக்கு ஆசிரியரின் வேலையில் தமிழாசிரியனுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். பட்டை வரைபடமும் ஒரு பனுவலே. அதைப் பிழையாக வாசிப்பவரும் ஏமாறத்தான் செய்வார். வள்ளுவரின் தலைவி, பிரிந்த நாள்களைக் குறித்த கோடுகளைத் தொட்டுத் தொட்டு விரல் தேய்ந்தவள். அக்கோடுகள் சுவரில் இழைத்தவை என்கிறார் பரிமேலழகர். பால் கணக்குக்குக் கரிக்கோடு இட்ட நம் பாட்டிமாரும் அவள் வழி வந்தவர்களே. கோட்டால் எண்ணுவது நமக்குப் புதிதன்று.

பட்டை வரைபடத்தின் பிறப்பே ஒரு குறையிலிருந்துதான். 1786-இல் வில்லியம் பிளேஃபேர், ஸ்காட்லாந்து 17 நாடுகளோடு செய்த வணிகத்தை வரைய முற்பட்டார். பல்லாண்டுக் கணக்குக் கிட்டவில்லை. ஓராண்டுக் கணக்கே கையில் இருந்தது. வளைகோடு வரைய வழியின்றி நாட்டுக்கு இரு பட்டைகளாக, இறக்குமதியையும் ஏற்றுமதியையும் இட்டார்.

நம் தொடக்கநிலைக் கணிதப் பாடநூல்களில் ‘தகவல் செயலாக்கம்’ என்ற இயல் உண்டு. குறை நூலில் இல்லை. நடத்தும் முறையில் இருக்கிறது. யாரோ எண்ணி, யாரோ வரைந்த பட்டைகளைக் காட்டி, "எது உயரம்?" என்று கேட்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது.

செலவில்லாத வழி ஒன்று சொல்கிறேன். நேற்றிரவு வீட்டில் என்ன உணவு என்று கேளுங்கள். அரிசிச் சோறு, கேழ்வரகுக் களி, சாமை, மரவள்ளிக்கிழங்கு எனத் தரையில் நான்கு இடங்களைக் குறியுங்கள். ஒவ்வொரு குழந்தையும் வெற்றுத் தீப்பெட்டி ஒன்றைத் தன் கையால் தன் இடத்தில் அடுக்கட்டும். எல்லாம் ஒரே அளவுப் பெட்டிகளாக, ஒரே தரையிலிருந்து எழவேண்டும். சுழியம் என்பது அந்தத் தரைதான். பிறகு அதையே கட்டத்தாளில் வரையட்டும். பள்ளி முழுவதையும் எண்ணும்போது பெட்டிகள் போதாமற் போகும். "ஒரு பெட்டி ஐந்து பேருக்கு" என்று அவர்களே சொல்லும் கணத்தில் அளவுத்திட்டம் என்ற கருத்து பிறந்துவிடும்.

கடைசியாக ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: "யாருடைய பெட்டி இங்கே இல்லை?"

மலையூர்களிலிருந்து பெற்றோர் வெளியூர் வேலைக்குப் போகும் காலங்களில், சில பிள்ளைகளும் உடன் போய்விடுகிறார்கள். வராத பிள்ளைக்குப் பெட்டி இல்லை. அவன் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்பதை எந்தப் பட்டையும் சொல்லாது. 2019-இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியைப் பற்றியும் அறிக்கைகளில் பட்டைகள் உயர்ந்தும் தாழ்ந்தும் வரும். அவற்றை நாளை வாசிக்கப்போகிறவர்கள் இந்தக் குழந்தைகளே. அடிக்கோடு எங்கே தொடங்குகிறது, யார் விடுபட்டார்கள் என்ற இரு கேள்விகளையும் எட்டு வயதிலேயே கேட்கப் பழகியவர்களை ஏய்ப்பது எளிதன்று.