ஹைட்ரஜனும் ஒரு சிறு கொக்கியும்

தூத்துக்குடி துறைமுகத்தில் ஒரு புதுமை நடக்கிறது. தண்ணீரைப் பிரித்து, அதிலிருந்து எரிபொருள் எடுக்கிறார்கள்!

அந்த எரிபொருளின் பெயர் ஹைட்ரஜன். 2025 செப்டம்பரில் மத்திய கப்பல் துறை மந்திரி சர்பானந்த சோனோவால் இந்தச் சிறு ஆலையைத் தொடங்கி வைத்தார். செலவு 3 கோடியே 87 லட்சம் ரூபாய். மணிக்கு 10 கன மீட்டர் வாயு கிடைக்கும். எடை போட்டால் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. துறைமுகக் குடியிருப்பின் தெரு விளக்குகளுக்கும், மின்சார வண்டிகளுக்குச் சார்ஜ் ஏற்றவும் இது பயன்படும்.

இது வெள்ளோட்டம்தான். தூத்துக்குடி, குஜராத்தில் உள்ள கண்ட்லா, ஒடிசாவில் உள்ள பாரதீப் ஆகிய 3 துறைமுகங்களையும் பச்சை ஹைட்ரஜன் மையங்கள் என்று 2025-ல் மத்திய அரசு அறிவித்தது. பெரிய ஆலைகளுக்கு அங்கே இடம் ஒதுக்கும் வேலை நடக்கிறது.

பச்சை என்றால் என்ன?

ஹைட்ரஜனுக்கு நிறம் கிடையாது. நிலக்கரியிலிருந்தோ, இயற்கை வாயுவிலிருந்தோ அதை எடுத்தால் கரியமில வாயுவும் சேர்ந்து வெளியே வரும். அது உலகத்தைச் சூடாக்கும். காற்றாலை, சூரிய வெளிச்சம் இவற்றின் மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பிரித்தால் அந்தக் கேடு இல்லை. அதனால்தான் "பச்சை" என்ற பெயர்.

உரம் செய்ய ஹைட்ரஜன் வேண்டும். பெட்ரோலைச் சுத்தம் செய்ய வேண்டும். உருக்கு ஆலைகளிலும் நிலக்கரிக்குப் பதில் அதைப் பயன்படுத்தலாம்.

ஒரு கிலோவுக்கு 50 யூனிட்!

ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குச் சுமார் 9 லிட்டர் சுத்தமான தண்ணீர் போதும். ஆனால் மின்சாரம்? 50 யூனிட்டுக்கும் மேல் ஆகும். ஒரு சிறு குடும்பம் விளக்கும் விசிறியும் போட்டு ஒரு மாதம் ஓட்டுகிற மின்சாரம் அது!

2023 ஜனவரியில் மத்திய மந்திரிசபை 19 ஆயிரத்து 744 கோடி ரூபாயில் பச்சை ஹைட்ரஜன் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்பது அதில் வைத்த குறி. அதற்கு எவ்வளவு மின்சாரம் தேவை? கணக்குப் போட்டால் 25 ஆயிரம் கோடி யூனிட் வருகிறது. 2023-24-ல் நாடு முழுவதும் உற்பத்தியான மின்சாரத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு!

இவ்வளவு மின்சாரமும் கம்பி வழியாகத்தான் வந்தாக வேண்டும். ஆரல்வாய்மொழிக் காற்றை மூட்டை கட்டித் தூத்துக்குடிக்குக் கொண்டுவர முடியாது. கம்பி தாங்காத நேரங்களில், நல்ல காற்று வீசியும் காற்றாலைகளை நிறுத்திய அனுபவம் தமிழ்நாட்டுக்கு உண்டு.

கண்ணுக்குத் தெரியாத உழைப்பாளிகள்

வயலுக்கு மேலே போகும் பெரிய மின் கம்பியை எல்லோரும் பார்க்கிறார்கள். கம்பியைப் பிடித்து நிற்கும் சிறு சாமான்களை யாரும் கவனிப்பதில்லை. கொக்கி, கிளாம்பு, பீங்கான் இன்சுலேட்டர், போல்ட்டு, நட்டு, இவைதான் அந்தச் சாமான்கள்.

இன்சுலேட்டர் கம்பியைத் தாங்கும். மின்சாரம் இரும்புக் கோபுரத்துக்குத் தாவாமல் தடுக்கும். 4 லட்சம் வோல்ட் கம்பியைச் சுமார் 23 பீங்கான் தட்டுகள் கோத்த சரம் ஒன்று தாங்குகிறது.

இதற்குப் பெரிய பகை உப்பு. தூத்துக்குடியோ உப்புக்குப் பேர்போன ஊர்! கடல் காற்றில் வரும் உப்பு தட்டுகளின் மேல் படியும். வெயிலில் காய்ந்து கிடக்கும்வரை தொல்லை இல்லை. விடியற்காலைப் பனியில் நனைந்தால் ஆபத்து. ஈர உப்பு மின்சாரத்துக்கு வழி விடும். நெருப்புப் பறக்கும். லைன் நின்று போகும்.

வட இந்தியாவில் உப்புக்குப் பதில் புழுதியும் புகையும் படிகின்றன. 2010 ஜனவரியில் மூடுபனியால் அங்கே பல லைன்கள் இப்படி நின்று போயின. ஊர்கள் இருளில் மூழ்கின. அதன் பிறகு பல இடங்களில் பீங்கானை எடுத்துவிட்டு, தண்ணீர் ஒட்டாத சிலிக்கான் ரப்பர் இன்சுலேட்டர்களை மாட்டினார்கள்.

மெல்லிய காற்றும் பகைதான்!

புயல்தான் கம்பிக்கு எமன் என்று நினைப்பது வழக்கம். விடாமல் வீசும் மெல்லிய காற்றும் ஆபத்தே. அது கம்பியை வீணைத் தந்திபோல் நடுங்க வைக்கும். ஆண்டுக்கணக்கில் நடுங்கினால், கிளாம்பு பிடித்த இடத்தில் கம்பியின் இழைகள் ஒவ்வொன்றாக அறும்.

அமெரிக்க என்ஜினீயர் ஜார்ஜ் ஸ்டாக்பிரிட்ஜ் 1920-களில் இதற்கு வழி கண்டார். ஒரு குட்டைக் கம்பி. அதன் இரு முனையிலும் ஒரு குண்டு. அவ்வளவுதான்! கோபுரத்தின் அருகே கம்பியில் அதைத் தொங்கவிட்டால் நடுக்கத்தை அது வாங்கிக்கொள்ளும்.

85 உயிர்களைக் குடித்த கொக்கி

அற்பச் சாமான்தானே என்று விட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணம் அதைக் கண்டது.

2018 நவம்பர் 8. காலை நேரம். சுமார் 100 ஆண்டு பழமையான ஒரு கோபுரத்தில் இன்சுலேட்டரைத் தாங்கிய இரும்புக் கொக்கி தேய்ந்து தேய்ந்து முறிந்தது. மின் கம்பி இரும்பில் உரசித் தீப்பொறி கொட்டியது. காய்ந்த புல் பற்றியது. பாரடைஸ் என்ற ஊர் சாம்பலாயிற்று. 85 பேர் மாண்டார்கள். பசிபிக் கேஸ் அண்ட் எலக்ட்ரிக் கம்பெனி, 84 பேரின் சாவுக்கான குற்றத்தை 2020-ல் கோர்ட்டில் ஒப்புக்கொண்டது.

கொக்கியின் விலை சில்லறைக் காசு. அது வாங்கிய பலி ஓர் ஊர்!

யாருக்கு நஷ்டம்?

ஹைட்ரஜன் விலையில் பெரும் பங்கு மின்சாரச் செலவு. லைன் அடிக்கடி நின்றால் ஆலையும் நிற்கும். நின்று நின்று ஓடினால் தண்ணீரைப் பிரிக்கும் எந்திரமும் சீக்கிரம் தேயும். ஹைட்ரஜன் விலை ஏறும். அந்த ஹைட்ரஜனில் உரம் செய்தால் உரத்தின் விலையும் ஏறும். கடைசியில் சுமை விழுவது விவசாயி தலையில், அல்லது வரி கட்டும் மக்கள் தலையில்.

மின்சாரம் போகும் பாதை வயல்களுக்கு மேலேதான். கோபுரத்தின் அடியில் நாற்று நடுகிறார்கள், ஆடு மேய்க்கிறார்கள். அந்தக் கொக்கி உறுதியாக இருக்கிறதா என்பது அவர்களுடைய உயிர்ப் பிரச்சினை.

ஆகவே, சாமான் வாங்கும்போது விலை குறைவு என்ற ஒன்றை மட்டும் பார்ப்பது ஆபத்து. உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகப் பூச்சு கனமாக வேண்டும். இன்சுலேட்டரைக் காலாகாலத்தில் கழுவ வேண்டும். தேய்ந்த கொக்கியை அது முறியும் முன்பே மாற்ற வேண்டும். அதைக் கண்டுபிடிக்கக் கோபுரத்தில் ஏறும் லைன்மேன்களுக்குப் போதிய ஆளும், பாதுகாப்புக் கருவியும், நேரமும் கொடுக்க வேண்டும்.

ஆலைத் திறப்பு விழாவுக்குப் பந்தல் போடுவார்கள், மாலை போடுவார்கள். கொக்கி மாற்றுகிறவருக்கு விழா கிடையாது. ஆனாலும் ஆலை ஓடுவது அவர் கையில்தான் இருக்கிறது.