தடித்த கம்பிக்கு முன் தேய்ந்த ரப்பரைப் பாருங்கள்

நண்பர்களே, இந்த வாரம் பழைய புதுச்சேரி நினைவுகள் இல்லை. கொஞ்சம் சண்டை போடப் போகிறேன்.

சின்னக் கார் வைத்திருப்பவர்களிடம் ஒரு பைத்தியம் பரவியிருக்கிறது. வளைவில் வண்டி சாய்கிறது, மேடு பள்ளத்தில் ஆடுகிறது என்று சொல்லி ஸ்பிரிங்கை வெட்டிக் குட்டையாக்குகிறார்கள். ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் வளையத்தைச் செருகுகிறார்கள். இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால் தடித்த ஸ்டெபிலைசர் பார் வாங்கிப் பூட்டுகிறார்கள். இளைஞர்கள் சமாசாரம், நமக்கென்ன என்று விட முடியவில்லை. இதற்குப் பணம் கொடுப்பது பல வீடுகளில் நம்மைப் போன்ற பென்ஷன்காரர்கள். அந்த வண்டியின் பின் சீட்டில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஜிப்மருக்குப் போவதும் நாம்தான்.

என் கட்சி இதுதான். குறைந்த செலவில் காரின் சஸ்பென்ஷனை மேம்படுத்த ஒரே நல்ல வழி, தேய்ந்ததை மாற்றுவது. அதைச் செய்யாமல் தடித்த பார் பூட்டுவது, ஒழுகும் கூரையை விட்டுவிட்டு வாசலுக்குப் பெயின்ட் அடிப்பது போல.

முதலில் அந்தப் பார் என்ன செய்கிறது என்று பார்ப்போம். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கும் இரும்புக் கம்பி அது. இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் அதற்கு வேலை இல்லை. ஒன்று ஏறி மற்றது ஏறாதபோது முறுக்கிக்கொண்டு, வண்டி சாய்வதைக் குறைக்கும். விட்டம் கூடினால் விறைப்பு நான்கு மடிப் பெருக்கத்தில் கூடும். 20 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 24 போட்டால், பார்வைக்கு நாலே மில்லிமீட்டர். விறைப்போ இரண்டு மடங்கு!

நல்லதுதானே என்பீர்கள். இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் நல்லதுதான். நம் ஊர்த் தெருவில் பள்ளம் இரண்டு சக்கரத்துக்கும் சமமாகவா வருகிறது? ஒரு பக்கம் மட்டும் இறங்கும்போது விறைத்த பார் அந்த அடியை மறுபக்கத்துக்கும் கொண்டு போகிறது. உள்ளே இருப்பவர் தலை கடிகாரப் பெண்டுலம் ஆகிறது. அதோடு முடியவில்லை. முன்பக்கம் மட்டும் தடித்த பார் போட்டால், வேகமான வளைவில் முன் டயர்கள் முதலில் பிடியை இழக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேரே போகப் பார்க்கும். பின்பக்கம் மட்டும் போட்டால் ஈரச் சாலையில் வால் வழுக்கும்.

சாய்வது வேறு, வழுக்குவது வேறு. இதைத்தான் யாரும் புரிந்துகொள்வதில்லை. பிரெஞ்சுப் பாடத்தில் படித்த எங்களுக்கு உடனே ஞாபகம் வருவது சித்ரோயன் 'தெ ஷெவோ'. 1948-இல் பாரிஸ் கண்காட்சியில் வெளிவந்த கார். அதை வடிவமைக்கச் சொன்ன புலான்ஜே விதித்த நிபந்தனை புகழ்பெற்றது: ஒரு கூடை முட்டையோடு உழுத வயலைக் கடக்க வேண்டும், ஒரு முட்டைகூட உடையக் கூடாது. அதில் ஸ்டெபிலைசர் பார் கிடையாது. வளைவில் படகு போலச் சாயும். ஆனால் நான்கு சக்கரமும் தரையை விடாது. 1990 வரை அதை உற்பத்தி செய்தார்கள். சாய்வே ஆபத்து என்றால் அத்தனை வருஷம் ஓடியிருக்குமா?

ஸ்பிரிங் வெட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் மீதி ஐந்து சுற்று 20 சதவீதம் அதிகம் விறைக்கும். வெட்டிய நுனி இருக்கையில் சரியாக உட்காராது. ஷாக்கப்ஸர் பாதி வழியிலேயே முட்டுக்கட்டையில் இடிக்கும். கேஸ் வைத்துச் சூடாக்கி இறக்குவது இன்னும் மோசம். எஃகின் பதமே போய்விடும். சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் செருகினால், அந்த இடத்தில் ஸ்பிரிங் வேலை செய்யாமல் மீதிச் சுற்றுகள் முழுப் பாரத்தையும் தாங்குகின்றன.

ஷாக்கப்ஸருக்குப் பிரெஞ்சில் 'அமோர்த்திஸேர்' என்று பெயர். ஆங்கிலப் பெயர், அது அதிர்ச்சியை உறிஞ்சுகிறது என்கிறது. உண்மையில் அடியை வாங்குவது ஸ்பிரிங். அதன் பிறகு வரும் ஆட்டத்தை அடக்குவதுதான் இதன் வேலை. பிரெஞ்சுப் பெயர் அதைச் சரியாகச் சொல்கிறது. அதே வேரில் பிறந்த 'அமோர்த்திஸ்மான்' கணக்குப் புத்தகத்தில் தேய்மானத்தைக் குறிக்கும். குமாஸ்தாவாக வேலை பார்த்த எனக்கு இது பிடித்த ஒற்றுமை. ஷாக்கப்ஸருக்கும் தேய்மானம் உண்டு. அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

பக்கத்து வீட்டுப் பையன் பழைய சின்னக் கார் ஒன்று வாங்கினான். ஒரு நாள் வந்து, "மாமா, தடியான பார் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். போட்டா வண்டி ஒட்டிக்கிட்டுப் போகும்" என்றான்.

"லிங்க் ராட் எப்போ மாத்தினே?" என்று கேட்டேன்.

"அது எங்கே இருக்கு மாமா?"

மெக்கானிக் வண்டியைத் தூக்கிக் காட்டினார். பாரைச் சக்கரத்தோடு சேர்க்கும் லிங்க் ராட் மூட்டு லொடலொடத்தது. பார் புஷ் தேய்ந்து ஓவல் வடிவம் ஆகியிருந்தது. பின் ஷாக்கப்ஸர் ஒன்றில் எண்ணெய் கசிந்திருந்தது. மூட்டு தளர்ந்திருந்தால் எவ்வளவு தடியான பார் போட்டாலும் அந்த லொடலொடப்புத் தீரும்வரை அது சும்மா தொங்கும். லிங்க் ராடும் புஷ்ஷும் மாற்றி, பின் ஷாக்கப்ஸரை ஜோடியாக மாற்றி, வீல் அலைன்மெண்ட் பார்த்தார்கள். பாருக்கு ஒதுக்கிய பணத்தில் மீதி இருந்தது. பையன் அப்புறம் பாரைப் பற்றிப் பேசவில்லை.

நம் வயதுக்காரர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. "பழைய வண்டி, அப்படித்தான் ஆடும்" என்று சும்மா இருக்கிறீர்களே, அதுவும் தவறு. ஆடும் வண்டிக்கு பிரேக் தூரம் கூடும். செய்ய வேண்டியது இவ்வளவுதான். வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தம் பாருங்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம் செய்தது. வண்டியின் ஒரு மூலையை அழுத்தி விடுங்கள். எழுந்து உடனே அடங்க வேண்டும், ஊஞ்சலாடினால் ஷாக்கப்ஸர் போய்விட்டது. சின்ன மேட்டில் கடகட என்றால் லிங்க் ராடையும் புஷ்ஷையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சட்டமும் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தின்படி, சட்டம் அனுமதிக்காத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒரு கம்பி இதில் சேருமா என்று வாதாடலாம். அந்த வாதத்தை விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ்காரரிடம் நடத்த உங்களுக்கு ஆசையா?

ஐப்பசி மழைக்கு முன் பிள்ளையோ பேரனோ காருக்குப் பணம் கேட்டால் கொடுங்கள். ஒரு நிபந்தனை போடுங்கள்: கழற்றிய பழைய பாகத்தைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். எங்கள் ஆபீஸில் வவுச்சர் இல்லாமல் பில் பாஸ் ஆகாது. தேய்ந்த புஷ்தான் இங்கே வவுச்சர்.