காலில் தேங்கும் இரத்தமும் டப்பாவில் விற்கும் மாத்திரையும்

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் சம்பள நாள் வந்தால் போதும். கம்பெனி வாசலில் கடன்காரனுக்கு முன்னால் இன்னொருவன் வந்து நிற்கிறான். கையில் டப்பா, வாயில் தேன். "கால் கடுக்கிறதா? விரல் மரத்துப் போகிறதா? நாற்பது வயது தாண்டினால் இரத்த ஓட்டம் மந்தமாகிவிடும். தினம் இரண்டு மாத்திரை போடுங்கள். மூன்றே மாதத்தில் இளமை திரும்பும்!" என்கிறான். செல்போனைத் திறந்தால் அங்கேயும் அவன்தான், கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு அதையே சொல்கிறான்.

நம் தொழிலாளர்களில் பலர் வாங்குகிறார்கள். அரிசிக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும் வைத்த பணம் டப்பாவுக்குப் போகிறது. வாங்குகிறவர்களைக் குறை சொல்ல நாம் வரவில்லை. அவர்களுடைய வலி உண்மை. அந்த வலிக்கு அவன் சொல்லும் காரணம்தான் பொய்!

இரத்தம் ஏன் தேங்குகிறது?

இருதயம் இரத்தத்தைக் காலுக்குத் தள்ளிவிடும். அது மேலே திரும்புவதுதான் கஷ்டம். நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகி, குழாயைப் பிழிந்து, இரத்தத்தை மேலே ஏற்றுகிறது. ஏறிய இரத்தம் கீழே விழாதபடி குழாய்க்குள் சின்னச் சின்னத் தடுப்புக் கதவுகள் இருக்கின்றன. நம் பாட்டன்மார் கவலை இறைத்ததைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மாட்டை நிறுத்திவிட்டால் தண்ணீர் மேலே வருமா? கால் அசையாமல் நின்றால் இரத்தமும் ஏறாது. தேங்கித் தேங்கிக் குழாய் விரிகிறது, கதவு கெடுகிறது, கால் வீங்குகிறது. தோலுக்கடியில் பச்சை நிறத்தில் முறுக்கிக்கொண்டு தெரிகிறதே, அதைத்தான் ஜனங்கள் நரம்பு சுருட்டல் என்கிறார்கள். உண்மையில் அது நரம்பல்ல, இரத்தக் குழாய். முற்றினால் கணுக்காலில் புண்ணாகி, ஆறாமல் நிற்கும்.

இனி நம் வேலையைப் பாருங்கள். டேனரியில் ஈரத் தரையில் கம்பூட்ஸ் மாட்டிக்கொண்டு டிரம்முக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நிற்பவர் யார்? ஷூ கம்பெனி லைனில் பசை தடவிக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கும் பெண்கள் யார்? தையல் மிஷினில் குனிந்தவர் தலை நிமிராமல் உட்கார்ந்தே இருக்கிறார். வீட்டிலே ஷூவின் மேல்தோலைக் கையால் தைக்கும் பெண், சம்மணமிட்ட காலை நீட்டக்கூட நேரமில்லாமல் ஜோடிக் கணக்குக்கு உழைக்கிறாள். நாற்பது வயது வந்ததால் மட்டும் இவர்கள் கால் கெடவில்லை. இருபது வருஷம் இப்படி வேலை வாங்கப்பட்டதும் சேர்ந்துதான் கெட்டது!

டப்பாவில் என்ன இருக்கிறது?

மீன் எண்ணெய், பூண்டுச் சத்து, வைட்டமின் 'ஈ', ஏதோ ஓர் இலையின் பொடி. இவை எதுவும் கெட்டுப்போன கதவைச் சரிசெய்யாது. இருதய நோயையும் புற்றுநோயையும் தடுப்பதற்காக வைட்டமின் 'ஈ' சாப்பிட வேண்டாம் என்று 2022-ல் அமெரிக்காவின் நோய்த்தடுப்பு நிபுணர் குழு சொல்லிவிட்டது. பலசத்து மாத்திரைகளைப் பற்றி, நன்மை உண்டென்று சொல்லப் போதிய ஆதாரமில்லை என்றது. பீட்டா கரோட்டின் என்ற சத்தோ, புகை பிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுகிறது. இரத்தம் உறையாமலிருக்க டாக்டர் கொடுத்த மருந்தைச் சாப்பிடுபவர் பூண்டுச் சத்தையும் மீன் எண்ணெயையும் தானாகச் சேர்த்துக்கொண்டால் இரத்தக் கசிவு நேரலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016-ல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி இத்தகைய டப்பாவின் மேல் 'மருத்துவ உபயோகத்திற்கு அல்ல' என்று அச்சிட்டாக வேண்டும். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் இருக்கும். 1954-ல் வந்த மருந்து விளம்பரத் தடைச் சட்டமோ, இரத்த அழுத்தம், நீரிழிவு, இருதய நோய் ஆகியவற்றைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதையே குற்றமென்கிறது. வாயால் மருந்து, எழுத்தில் மருந்தல்ல! இதற்குப் பெயர் வியாபாரமா, வழிப்பறியா?

எல்லா மாத்திரையும் மோசடி என்று நாம் சொல்லவில்லை. சோகை கண்ட பெண்ணுக்கு இரும்புச் சத்து மாத்திரை அவசியம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசம். நீரிழிவுக்கு வருஷக்கணக்கில் மெட்பார்மின் சாப்பிடுபவருக்கு பி-12 குறையலாம். இரத்தத்தைச் சோதித்துவிட்டு டாக்டர் கொடுப்பார். சோதித்துக் கொடுத்தால் மருந்து, வாசலில் கூவிக் கொடுத்தால் கொள்ளை.

நம் கையில் இருப்பது

நம் தவறுகளையும் மறைக்க வேண்டியதில்லை. பீடி இரத்தக் குழாயைச் சுருக்குகிறது. குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் நம் பெண்கள் சுற்றும் பீடியே நம் ஆண்களின் கால் விரலைக் கறுக்க வைக்கிறது. அதை விட்டால் கிடைக்கும் பலன் எந்த டப்பாவிலும் கிடைக்காது. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாயும் கருவாடும் அந்தக் கணக்கில் சேர்ந்தவையே. சாராயம் வலியை மறைக்கும், தீர்க்காது.

நின்று வேலை செய்கிறவர் அரை மணிக்கு ஒரு முறை குதிகாலை இருபது தடவை தூக்கி இறக்குங்கள். வீட்டுக்கு வந்ததும் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால், நெஞ்சு அடைத்தால், வாய் கோணினால், காலில் புண் ஆறாமலிருந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். நெஞ்சடைப்புக்கும் வாய் கோணலுக்கும் ஒரு மணி நேரமும் தாமதம் கூடாது. அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, இ.எஸ்.ஐ. இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இரத்த அழுத்தம் வலிக்காமலே கொல்லும். ஆகவே வலிக்காதபோதே அளந்து பாருங்கள்.

நம் கையில் இல்லாதது

ஆனால் உபதேசம் செய்யும் கனவான்களை ஒன்று கேட்கிறோம். 'அடிக்கடி தண்ணீர் குடி' என்கிறீர்கள். கக்கூசுக்குப் போய்வரும் நிமிஷத்தை மேஸ்திரி எண்ணிக்கொண்டிருந்தால் எந்தப் பெண் தண்ணீர் குடிப்பாள்? 'பச்சைக் காய்கறி சாப்பிடு' என்கிறீர்கள். பாலாற்றங்கரையில் அதை விளைவித்த நிலம் எங்கே? 1996 ஆகஸ்ட் 28-ல் சுப்ரீம் கோர்ட் தந்த தீர்ப்பைப் படியுங்கள். தோல் ஆலைக் கழிவால் இந்த வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழானதாக அதில் எழுதியிருக்கிறது. கேழ்வரகும் கீரையும் விளைவித்த கூலி விவசாயியின் மகள்தான் இன்று ஷூ லைனில் நிற்கிறாள். 'காலையில் நட' என்கிறீர்கள். விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறுகிறவள் எப்போது நடப்பாள்?

வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும், இருதய நோயால் சாகும் அபாயம் 17 சதவீதமும் அதிகம் என்று 2021-ல் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் கணக்கிட்டன. அதற்குப் பிறகுதான், 2023 ஏப்ரலில், தமிழ்நாட்டுச் சட்டசபையில் பன்னிரண்டு மணி வேலைக்கு மசோதா நிறைவேறியது! தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்தன. மே தினத்தன்று அது வாபஸ் என்ற அறிவிப்பு வந்தது. எத்தனை இருதயங்களை அந்த ஒற்றுமை காப்பாற்றியது என்று யோசியுங்கள். எந்த மாத்திரைக்கு அந்தச் சக்தி உண்டு?

நிற்பவர் ஓய்ந்த நேரத்தில் உட்கார வசதி தரவேண்டும் என்று 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் 44-வது பிரிவில் சொன்னது. அதன் இடத்தில் வந்த புதிய தொகுப்பிலும் அந்த ஏற்பாடு இருக்கிறது. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஆண்டுதோறும் இலவச உடற்பரிசோதனை என்று 2025 நவம்பர் 21-ல் மத்திய சர்க்கார் பறைசாற்றியது. அந்தத் தொகுப்புகளில் நாம் எதிர்ப்பவை ஏராளம். ஆனால் எழுதிக் கொடுத்ததையாவது செய் என்று கேட்க நமக்கு உரிமையில்லையா?

'ஸ்டூல் போட்டால் உற்பத்தி குறையும்' என்பார்கள். கால் புண்ணோடு படுக்கையில் கிடப்பவன் எத்தனை ஜோடி ஷூ தைப்பான்? அந்தக் கணக்கை ஏன் போடுவதில்லை?

தோழர்களே! அடுத்த சம்பள நாளில் டப்பாக்காரன் வந்தால், டப்பாவைத் திருப்பி அந்தப் பொடி எழுத்தை உரக்கப் படியுங்கள். அந்தப் பணத்தை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். பிறகு லைனிலுள்ள எல்லோரும் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்திடுங்கள்: உட்கார ஸ்டூல், தண்ணீர் குடிக்கவும் கக்கூஸ் போகவும் தடையில்லாத நேரம், எட்டு மணிக்கு மேல் கட்டாய வேலை இல்லை, வருஷத்துக்கு ஒரு பரிசோதனை. தனியாகக் கேட்டால் மேஸ்திரி முறைப்பான். ஒன்றாகக் கேட்டால் முதலாளி எழுந்து நிற்பான். அவனும் கொஞ்சம் நின்று பார்க்கட்டும்!