மூன்று மணி நேரத்தில் எந்தப் பினாங்கு?

'ஆறு மணி நேர இடைவெளியில் பினாங்கு: பத்து இடங்கள்' மாதிரியான பட்டியல்களின் கணக்கே தப்பு. பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து ஜார்ஜ்டவுன் சுமார் 16 கிலோமீட்டர். குடிநுழைவு வரிசையும் சாலை நெரிசலும் திரும்பிப் போகும் நேரமும் கழித்தால் மிஞ்சுவது மூன்று மணி. அதில் பத்து இடமா? சுவரோவியத்துக்கு முன் நின்று படம் எடுக்கலாம், அவ்வளவுதான்.

பட்டியல் காட்டும் பழைய நகரத்தில் 2000இல் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதும் குடியிருந்த பலர் வெளியேறினார்கள். அவர்களுடைய கடைவீடுகள் பல இன்று விடுதிகள். ஆள் போன வீட்டைத்தான் பாரம்பரியம் என்று காட்டுகிறார்கள்.

அந்த மூன்று மணியை டத்தோ கிராமாட் சாலைக்குக் கொடுங்கள் என்கிறேன். 2008இல் யுனெஸ்கோ வகுத்த எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஈயம் உருக்கிய ஆலை நின்ற இடத்தில் இப்போது டைம்ஸ் ஸ்குவேர்; ஆலையின் பர்ச் ஹவுஸ் மட்டும் மிச்சம். பக்கத்திலேயே 1849இல் கட்டிய சிறை. பாடாங் பிரவுன் அங்காடிக் கடைகளில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

"அங்க பார்க்க என்ன இருக்கு?" என்பார்கள். சனங்க இன்னும் குடியிருக்காங்க. இதைவிட வேறென்ன பார்க்க வேண்டும்?